அத்தியாயம் 7: உவரியின் அடுக்களைகளை இணையத்தில் திறப்பது எப்படி?

செவ்வாய்க்கிழமை உவரியில் வந்து இறங்கும் கூட்டத்தில் பெரும்பாலோர் வெளியூர்க்காரர்கள். புனித அந்தோணியார் திருத்தலத்துக்கு நாகர்கோவில், தூத்துக்குடி, கேரளப் பக்கமிருந்தெல்லாம் வேன் பிடித்து வருகிறார்கள். வைகாசி விசாகத்துக்கும் தைப்பூசத்துக்கும் சுயம்புலிங்க சுவாமி கோயிலில் கடல் மண்ணை ஓலைப்பெட்டியில் சுமந்து நேர்ச்சை செலுத்தக் குடும்பம் குடும்பமாகக் கூடுகிறார்கள். கப்பல் வடிவில் கட்டிய கப்பல் மாதா ஆலயத்தைப் பார்த்துவிட்டுப் போகத் திருச்செந்தூர் – கன்னியாகுமரி கடற்கரைச் சாலையில் வருகிறவர்கள் வேறு. மதியம் இத்தனை பேருக்கும் பசிக்கும். சாலையோரக் கடையில் பரோட்டாவும் பிரியாணியும் கிடைக்கும். ஊருக்குள் வீட்டுக்கு வீடு கொதிக்கிற சாளைக் குழம்பும், முருங்கைக்கீரையும், கருப்பட்டி போட்டுக் கிண்டிய உளுந்தங்களியும் அவர்கள் கைக்கு எட்டாது.

அந்த அடுப்புக்கும் அந்தப் பசிக்கும் நடுவே ஓர் இணையச் சந்தையை அமைக்கும் வழியை இந்த அத்தியாயம் சொல்கிறது. உவரியை மனத்தில் வைத்து எழுதியிருந்தாலும் மணப்பாடு, வேளாங்கண்ணி, பழனி என்று யாத்திரிகர் வந்துபோகும் எந்த ஊருக்கும் இது பொருந்தும்.

முன்பின் தெரியாதவர்களுக்குச் சோறு போடுவது இந்தக் கரைக்குப் புதிதில்லை. நேர்ச்சை நிறைவேறியவர்கள் ஆடறுத்து அசனம் கொடுப்பதும் கோயிலில் அன்னதானம் நடப்பதும் வழிவழியாக வருகிற பழக்கம். விலைக்குக் கொடுக்கும்போது பொறுப்பு கூடுகிறது. வாங்குகிறவருக்குச் சமைத்தவர் யார், எந்த இடத்தில் சமைத்தார், எத்தனை மணிக்கு அடுப்பிலிருந்து இறக்கினார் என்ற மூன்றும் தெரிந்தாக வேண்டும். இந்த மூன்று கேள்விக்கும் ஒளிவுமறைவில்லாத பதில் தருகிற தளம் நிலைக்கும். செயலி, விளம்பரம், வண்டி எல்லாம் அதற்குப் பிறகு.

1. முதல் வேலை: நாட்காட்டி

பெருநகரத்தில் எல்லா நாளும் ஒரே அளவு பசி. உவரியில் அப்படியில்லை. சாதாரண வியாழக்கிழமையும் வைகாசி விசாகமும் ஒன்றாகாது. ஆகவே ஓர் ஆண்டு நாட்காட்டியை எடுத்து மூன்று நிறத்தில் குறியுங்கள்.

முதல் நிறம், பெருங்கூட்ட நாட்கள்: அந்தோணியார் ஆண்டுத் திருவிழா, ஜூன் 13 அந்தோணியார் நாள், வைகாசி விசாகம், தைப்பூசம், ஆடி அமாவாசை, தை அமாவாசை. இரண்டாவது நிறம், எல்லாச் செவ்வாய்க்கிழமைகளும். மூன்றாவது நிறம், கோடை விடுமுறையிலும் தொடர் விடுமுறையிலும் வருகிற சுற்றுலாக் கூட்டம். மிச்ச நாட்களில் உங்கள் வாடிக்கையாளர்கள் உள்ளூரிலும் திசையன்விளையிலும் தனியாகத் தங்கி வேலை பார்க்கும் ஆசிரியர்கள், செவிலியர்கள், வங்கி ஊழியர்கள், பிள்ளைகள் வெளியூரில் இருக்கிற முதியவர்கள். எண்ணிக்கையில் சிறியவர்களானாலும் மாதம் முழுக்க வாங்குகிறவர்கள் இவர்கள்தான்.

எந்த நாளில் என்ன சமைப்பது என்பதையும் இதே நாட்காட்டியில் எழுதுங்கள். அமாவாசையன்று வருகிறவர்களில் பலர் விரதக்காரர்கள். வெங்காயம், பூண்டு இல்லாத சைவம் கேட்பார்கள். செவ்வாயில் மீன் தேடுவோர் அதிகம். ஆனால் அந்தோணியாரைக் கும்பிட வருகிற இந்து வீட்டார் சிலருக்குச் செவ்வாய் விரத நாள். தவக்காலத்தில் கிறிஸ்தவ வீடுகளில் பலர் இறைச்சியை ஒதுக்குவார்கள். இதையெல்லாம் அறிந்து சமைப்பது ஊர்க்காரருக்கு மட்டுமே கைவந்த அறிவு. எந்தப் பெரிய நிறுவனமும் உங்களிடமிருந்து இதைப் பறிக்க முடியாது.

மீனுக்கும் தனி நாட்காட்டி உண்டு. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. நாட்டுப்படகுகளுக்குத் தடையில்லை என்றாலும் அந்த இரண்டு மாதமும் மீன் விலை ஏறும். வைகாசி விசாகம் பெரும்பாலும் இந்தத் தடைக்காலத்துக்குள்தான் விழும். அந்த நாளுக்கு மீன் சாப்பாட்டை நம்பி முன்பணம் வாங்காதீர்கள். கூட்டாஞ்சோறு, எள்ளுத் துவையலோடு உளுந்தம்பருப்புச் சோறு, இடியாப்பமும் சொதியும் என்று திருநெல்வேலிச் சைவச் சமையலை முன்னிறுத்துங்கள்.

2. முன்னே போனவர்களிடம் கற்க வேண்டியவை

இந்த வழியில் பலர் நடந்திருக்கிறார்கள். மூன்று அனுபவங்கள் நமக்கு உதவும்.

நெதர்லாந்தில் 2012-ல் ‘தாய்ஸ்அஃப்கெஹால்ட்’ என்ற தளம் தொடங்கியது. வீட்டில் கொஞ்சம் கூடுதலாகச் சமைக்கிறவர் அதைத் தளத்தில் அறிவிப்பார். அக்கம்பக்கத்தார் தாங்களே போய் வாங்கிக்கொள்வார்கள். கொண்டுபோய்க் கொடுக்கும் செலவு கிடையாது. வாங்க வருகிறவர் சமைத்தவரை வாசலில் நேருக்கு நேர் பார்த்துவிடுகிறார். சின்ன ஊரில் தொடங்குகிறவர் இந்த ஏற்பாட்டைத்தான் முதலில் எண்ணிப்பார்க்க வேண்டும்.

அமெரிக்காவில் ஓக்லாந்து நகரத்தில் 2014-ல் ‘ஜோசஃபின்’ என்ற நிறுவனம் வீட்டுச் சமையலை இணையத்தில் விற்க வழி செய்தது. அங்கே அப்போது வீட்டு அடுக்களையில் சமைத்த சாப்பாட்டை விற்கச் சட்டத்தில் இடமில்லை. 2016-ல் சுகாதாரத் துறை, விற்பனையை நிறுத்தும்படி சமைத்தவர்களுக்கே அறிவிப்பு அனுப்பியது. நிறுவனம் 2018-ல் மூடப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் கலிபோர்னியா மாநிலம் வீட்டுச் சமையலுக்கு அனுமதி தரும் சட்டத்தை இயற்றியது. ஒரு வீட்டில் ஒரு நாளைக்கு 30, வாரத்துக்கு 60 சாப்பாடு என்று அது எல்லை வகுத்தது. அன்று சமைத்ததை அன்றே கொடுத்துவிட வேண்டும் என்றது. வார எல்லை பிறகு உயர்த்தப்பட்டது. இதில் நமக்கு இரண்டு பாடம். சட்டச் சிக்கல் வந்தால் முதலில் அடிபடுவது சமைக்கும் பெண். தளம் நடத்துகிறவர் அவரை முன்னால் தள்ளிவிட்டுப் பின்னால் நிற்கக் கூடாது. அடுத்தது, ஒரு வீட்டு அடுப்பு நல்லபடியாகச் சமைத்துத் தருவதற்கு ஓர் அளவு உண்டு. அந்த அளவைத் தளமே வகுத்துவிட வேண்டும்.

பக்கத்துக் கேரளத்தில் 2024 மார்ச்சில் குடும்பஸ்ரீ அமைப்பு திருவனந்தபுரத்தில் ‘லஞ்ச் பெல்’ திட்டத்தைத் தொடங்கியது. மதியச் சாப்பாட்டைச் செயலியில் முன்பதிவு செய்கிறார்கள்; எவர்சில்வர் பாத்திரத்தில் அலுவலகத்துக்கு வருகிறது; சாப்பிட்ட பிறகு பாத்திரம் திரும்பிப் போகிறது. பெண்கள் குழு, முன்பதிவு, திரும்ப எடுக்கும் பாத்திரம் ஆகிய மூன்றையும் நாம் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் 1989-ல் தருமபுரியில் விதை ஊன்றிய மகளிர் சுய உதவிக் குழுக்கள் இன்று ஊர்தோறும் இருக்கின்றன. சேமிப்பு, கணக்கு நோட்டு, மாதக் கூட்டம் என்று பழகிய ஒரு குழுவோடு சேர்ந்து தொடங்கினால் பாதி வேலை முடிந்தது.

3. அடுக்களைகளைத் தேர்ந்தெடுத்தல்

நான்கு வீடுகளோடு தொடங்குங்கள். மூன்று வீட்டில் மீனும் கறியும், ஒரு வீட்டில் சைவம் மட்டும். சைவ அடுக்களையில் கருவாட்டு வாசனைகூட இருக்கக் கூடாது. விரதக்காரரிடம் வாக்குக் கொடுத்தால் அதைக் காப்பாற்ற வேண்டும்.

நன்றாகச் சமைக்கத் தெரிந்தவர் என்பது மட்டும் போதாது. நேரில் போய்ப் பார்க்க வேண்டியவை இவை:

1. குடிக்கவும் சமைக்கவும் எந்தத் தண்ணீர்? கடற்கரைக் கிணறுகளில் உப்பு கலந்திருக்கும். சமையலுக்கு நல்ல தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எதில் பிடித்து மூடி வைக்கிறார்கள் என்று கேளுங்கள். தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்பி அறிக்கையை வாங்கி வையுங்கள்.
2. பச்சை மீன் வெட்டும் பலகையும் அரிவாள்மணையும் காய் நறுக்குவதிலிருந்து தனியாக இருக்கின்றனவா?
3. ஈ, கோழி, பூனை உள்ளே வராதபடி கதவும் வலையும் உண்டா? கை கழுவச் சோப்பும் தனித் தண்ணீரும் உண்டா?
4. குளிர்பெட்டி இருக்கிறதா? மின்சாரம் போனால் என்ன செய்கிறார்கள்?
5. சமைக்கிறவருக்கும் உதவி செய்கிறவருக்கும் மருத்துவச் சான்று எடுத்தாயிற்றா? வயிற்றுப்போக்கு, காய்ச்சல், கையில் புண் இருந்தால் அன்று அடுப்பருகே வரக்கூடாது. அப்படி நிற்கிற நாளில் அவருக்கு வருமானம் போகாமலிருக்கக் குழுப் பணத்திலிருந்து சிறு தொகை கொடுங்கள். இல்லையென்றால் காய்ச்சலை மறைத்துக்கொண்டு சமைப்பார்கள்.

நான்கு வீட்டிலும் நான்கு நாள் சாப்பிட்டுப் பாருங்கள். முதல் நாள் இருந்த உப்பும் உறைப்பும் நான்காம் நாளும் அப்படியே இருக்கிறதா என்று பார்ப்பதற்குத்தான் இது. வீட்டுக்காரருக்குச் சமைத்துப் பழகிய கை, இருபது பேருக்குச் சமைக்கும்போது அளவு தவறும். எழுதி வைத்த அளவுக் குறிப்பும் தராசும் இருந்தால் தவறாது.

4. பதிவும் சட்டமும்

2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டப்படி, வீட்டிலிருந்து விற்றாலும் பதிவு கட்டாயம். 2011-ல் வந்த விதிமுறைகள், ஆண்டு விற்றுமுதல் 12 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் சிறு தொழிலுக்கு உரிமம் தேவையில்லை, பதிவு போதும் என்று வகுத்தன. கட்டணமாக ஆண்டுக்கு 100 ரூபாய் வைத்தன. எல்லையும் கட்டணமும் மாறக்கூடியவை. ஆகவே விண்ணப்பிக்கும் நாளில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ‘ஃபாஸ்காஸ்’ தளத்தில் நடப்பிலுள்ளதைப் பார்த்துக்கொள்ளுங்கள். புகைப்படமும் அடையாளச் சான்றும் இருந்தால் கைப்பேசியிலேயே விண்ணப்பிக்கலாம். 14 இலக்கப் பதிவெண் கிடைக்கும். ஒவ்வொரு வீட்டுக்கும் தனிப் பதிவு வேண்டும். ஒரு வீட்டின் எண்ணைக் காட்டி இன்னொரு வீட்டில் சமைப்பது குற்றம்.

தளம் நடத்துகிறவருக்குச் சட்டம் வேறு. பலர் விற்கும் உணவை இணையத்தில் சந்தைப்படுத்துகிறவர் மின்வணிக உணவு நிறுவனமாகக் கருதப்படுவார். அவருக்கு மத்திய உரிமம் தேவை. சரக்கு சேவை வரியிலும் 2022 ஜனவரி 1 முதல் ஒரு மாற்றம் உண்டு. தளத்தின் வழியே விற்கப்படும் உணவகச் சேவைக்கான 5 சதவீத வரியைச் செலுத்த வேண்டியது தளமே. சமைக்கும் பெண்ணுக்கு வரிப் பதிவு இல்லை என்பதால் இந்த வரி விலகிப்போகாது.

ஆகவே தொடக்கத்தில் எளிய வழி ஒன்று உண்டு. பல விற்பனையாளர்களின் சந்தையாக இல்லாமல், மகளிர் குழுவே ஒரே விற்பனையாளராகத் தன் உறுப்பினர் வீடுகளில் சமைத்துத் தன் பெயரில் விற்கட்டும். விற்றுமுதல் வளர்ந்து வெளியார் வீடுகளையும் சேர்க்கும்போது சந்தைத் தளமாக மாறிக்கொள்ளலாம். எந்த வழியானாலும் தொடங்குமுன் ஒரு பட்டயக் கணக்காளரிடம் அரை நாள் உட்கார்ந்து பேசிவிடுங்கள். அந்தக் கட்டணம் வீணாகாது.

எல்லோரும் மறக்கிற ஒன்று எரிவாயு. வீட்டுக்குத் தரும் 14.2 கிலோ சிலிண்டரை வணிகச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது. 19 கிலோ வணிகச் சிலிண்டர் வாங்கி, அந்தச் செலவை விலையில் சேருங்கள்.

5. மீனும் சோறும்: உயிரைக் காக்கும் விதிகள்

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

கடற்கரையில் ஏலத்தில் எடுத்த மீன், அதுவும் கண் முன்னால் துடித்த மீன், கெட்டுப்போகாது என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக இருக்கிறது. அது தவறு. சாளை, சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற பொருள் அதிகம். வெயிலில் சில மணி நேரம் கிடந்தால் கிருமிகள் அதை ஹிஸ்டமின் என்ற நச்சாக மாற்றிவிடும். மீன் பார்வைக்கும் வாசனைக்கும் நல்லதாகவே தெரியலாம். எவ்வளவு கொதிக்கவைத்தாலும், பொரித்தாலும் அந்த நச்சு அழியாது. சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவந்து, தலை வலித்து, உடம்பு அரித்து, சிலருக்கு மூச்சு முட்டும். இதைத் தடுக்க ஒரே வழி ஐஸ். மீன் வாங்கப் போகும்போதே உடைத்த ஐஸ் போட்ட பெட்டியோடு போக வேண்டும். வீட்டுக்கு வந்து கழுவி வெட்டியதும் மறுபடி ஐஸ். அடுப்பில் ஏறும்வரை ஐஸ். ஐஸ் கிடைக்காத நாளில் சாளை, சூரை பட்டியலில் இடம்பெறக் கூடாது.

பேத்தை மீனை எந்தப் பெயரிலும் வாங்காதீர்கள். அதன் நச்சும் சமையலில் அழியாது, உயிரைக் கொல்லும். கலந்து அள்ளிய சில்லறை மீன் வாங்கினால் ஒவ்வொன்றாகப் பார்த்துப் பொறுக்குங்கள்.

சோற்றிலும் ஆபத்து உண்டு. அரிசியில் ஒட்டியிருக்கும் ஒருவகைக் கிருமியின் வித்து வெந்த பிறகும் பிழைத்திருக்கும். சோற்றை வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் வைத்தால் அது பெருகி நச்சு உண்டாக்கும். திரும்பச் சூடாக்கினாலும் அந்த நச்சு போகாது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு இது: சமைத்ததை அறை வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள்; சூடாக வைத்தால் 60 டிகிரி செல்சியசுக்கு மேல், குளிரவைத்தால் 5 டிகிரிக்குக் கீழ். உணவுக்குள் குத்திப் பார்க்கும் வெப்பமானி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. நான்கு வீட்டுக்கும் ஒவ்வொன்று வாங்கிக் கொடுங்கள். அடுப்பிலிருந்து இறக்கிய நேரத்தைப் பொட்டலத்தின் மேல் எழுதுவதைக் கட்டாயமாக்குங்கள். காலை 11.30-க்கு இறக்கியது என்று எழுதியிருந்தால், மாலை ஊர் திரும்பும் வேனில் அதைப் பிரித்துச் சாப்பிடக் கூடாது என்று வாங்கியவருக்கே தெரியும்.

வழியில் சாப்பிடக் கட்டுச்சோறு கேட்பவர்களுக்குத் தேங்காய்ச் சாதமும் தயிர்ச் சாதமும் கொடுக்காதீர்கள். நல்லெண்ணெய் விட்டுக் கிளறிய புளியோதரை ஏற்றது. புளிப்பு கிருமியை மட்டுப்படுத்தும். அதற்கும் எத்தனை மணிக்குள் சாப்பிட வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள்.

இறால், நண்டு, கணவாய், நிலக்கடலை, எள், பால், முட்டை, கோதுமை ஆகியவை சிலருக்கு ஒவ்வாது. இவற்றில் எது சேர்ந்திருந்தாலும் உணவின் பெயருக்குக் கீழேயே குறிப்பிடுங்கள். குழம்பில் இறால் தலை போட்டுக் கொதிக்கவைத்து எடுத்துவிட்டால்கூட அது இறால் சேர்ந்த குழம்புதான்.

6. விலை வைப்பது

வீட்டுச் சமையல் சந்தைகளில் பெண்கள் ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான். அரிசி, மீன், எண்ணெய் விலையைக் கூட்டி, மேலே கொஞ்சம் வைத்து விற்பார்கள். தங்கள் உழைப்பைக் கணக்கில் சேர்ப்பதில்லை. மாத முடிவில் கையில் காசு நிற்காது.

20 மீன் சாப்பாட்டுக்கு ஒரு மாதிரிக் கணக்கு. தொகைகளை உங்கள் சந்தை விலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

அரிசி, காய், தேங்காய், மளிகை – 800 ரூபாய்
மீனும் ஐசும் – 1,000
எரிவாயு, தண்ணீர், மின்சாரம் – 150
இலை, பொதி, கட்டு – 200
உதவியாள் கூலி – 300
சமைப்பவரின் கூலி – 600
சேதாரம் – 150
மொத்தம் – 3,200

ஒரு சாப்பாட்டுக்கு 160 ரூபாய். தளத்துக்கு 10 சதவீதம் என்று வைத்தால் விலை 180 ரூபாய். அதில் 18 தளத்துக்கு, 162 வீட்டுக்கு. சந்தைத் தளமாக மாறிய பின் 5 சதவீத வரி 9 ரூபாய் சேர்ந்து வாங்குபவர் 189 ரூபாய் கொடுப்பார்.

இப்போது தளத்தின் பக்கம் பாருங்கள். நான்கு வீடு, ஒரு செவ்வாய்க்கு 80 சாப்பாடு, தளத்துக்கு 1,440 ரூபாய். நான்கு செவ்வாய் சேர்த்தால் 5,760 ரூபாய். இந்த வருமானத்தில் லட்சக்கணக்கில் கடன் வாங்கிச் செயலி செய்தால் வட்டி கட்டவே போதாது. ஆர்டர் எடுக்கும் ஒருவரின் பகுதிநேரச் சம்பளத்துக்கும் தொலைபேசிச் செலவுக்கும் வேண்டுமானால் ஆகும். முதல் ஆண்டுக்கு ஓர் எளிய இணையப் பக்கம், ஒரு வணிக வாட்ஸ்அப் எண், யுபிஐ குறியீடு ஆகிய மூன்றும் போதும்.

பணம் சமைக்கும் பெண்ணின் சொந்த வங்கிக் கணக்குக்கே போக வேண்டும். கணவர் கணக்குக்கோ மகன் கணக்குக்கோ வேண்டாம். வாரம் தவறாமல் ஒரே நாளில் பட்டுவாடா செய்யுங்கள்.

7. பக்கமும் முன்பதிவும்

ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பக்கம். அதில் சமைப்பவரின் முதற்பெயர், அவர் விருப்பப்பட்டால் படம், அடுக்களையின் உண்மையான படம், பதிவெண், அன்றைய சமையல், எத்தனை சாப்பாடு மிச்சம் இருக்கிறது என்ற எண்ணிக்கை ஆகியவை இருக்கட்டும். இணையத்தில் எடுத்த அழகான மீன் படம் வேண்டாம். வீட்டு முகவரியும் கைப்பேசி எண்ணும் பொதுவில் தெரியக் கூடாது. பெண்கள் தனியாக இருக்கும் வீடுகள் இவை. முன்பின் தெரியாதவர் நேரம் கெட்ட நேரத்தில் கதவைத் தட்ட இடம் கொடுக்காதீர்கள். பக்கம் தமிழிலும் மலையாளத்திலும் இருந்தால் கேரள யாத்திரிகருக்கும் பயன்படும்.

முன்பதிவு முதல் நாள் இரவு 8 மணியோடு முடிய வேண்டும். பாதிப் பணம் முன்பணம். மறுநாள் காலை ஏலம் முடிந்ததும் என்ன மீன் என்பதை வாங்குபவருக்குத் தெரிவிக்க வேண்டும். பட்டியலில் ‘அன்றைய மீன் குழம்பு’ என்றே போடுங்கள். பாறை மீன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு நெத்திலியைக் கொடுத்தால் மனத்தாங்கல்தான். தட்டச்சு வராத அக்காமார் குரல் செய்தி அனுப்பலாம். “தம்பி, இன்னைக்குச் சாளைதான் நல்லாருக்கு, மாங்கா போட்டு வைக்கேன், கேட்டுச் சொல்லு” என்று அவர் சொல்வதை அப்படியே வாங்குபவருக்கு அனுப்பினால் எந்த விளம்பரத்தையும்விட நம்பிக்கை பிறக்கும்.

ஒரு வீட்டுக்கு நாளொன்றுக்கு 20 சாப்பாடுதான் என்ற வரம்பைத் திருவிழா அன்றும் தளர்த்தாதீர்கள். அன்றுதான் கூட்டம் கெஞ்சும், அன்றுதான் தவறு நடக்கும்.

8. பொதிந்து கையளித்தல்

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகள், தாள்கள், தட்டுகள், குவளைகளுக்குத் தடை. இந்த ஊருக்கு அது நல்லதாயிற்று. தேரி மண்ணில் பனை இன்னும் நிற்கிறது; ஓலை முடைகிற கைகளும் இருக்கின்றன. சோற்றுக்கு வாழை இலை, பொதிக்கு ஓலைப்பெட்டி, குழம்புக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு கொடுக்கும் எவர்சில்வர் தூக்கு. பாத்திரத்தைத் திருப்பித் தந்ததும் முன்பணத்தைத் திருப்புங்கள். யாத்திரிகர் அரை நாள் ஊரில்தான் இருப்பார் என்பதால் பாத்திரம் திரும்பும்.

வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பதை விட்டுவிடுங்கள். பேருந்து நிறுத்தத்துக்கும் ஆலயத்துக்கும் நடந்துபோகும் தூரத்தில், நிழலும் தண்ணீரும் உள்ள ஒரு பொது இடத்தை உரியவரிடம் அனுமதி வாங்கி ஏற்பாடு செய்யுங்கள். 12 மணி முதல் 1.30 வரை அங்கே கையளிப்பு. சமைத்தவரில் ஒருவராவது முறை வைத்து அங்கே நிற்கட்டும். சாப்பிட்டவர் “குழம்பு வச்சது யாருக்கா?” என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்க வேண்டும்.

9. குறையும் கேள்வியும்

2020-ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் விதிகள், தளம் தன் குறைதீர் அலுவலரின் பெயரையும் தொடர்பையும் வெளியிட வேண்டும், 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்கின்றன. சாப்பாட்டு விஷயத்தில் நீங்கள் அன்றே பேச வேண்டும். உடல்நலக் குறை என்று ஒருவர் சொன்னால் அந்த வீட்டின் அன்றைய விற்பனையை உடனே நிறுத்துங்கள். அன்று வாங்கிய மற்ற எல்லோருக்கும் தெரிவியுங்கள். மருத்துவமனைக்குப் போகச் சொல்லுங்கள். இதற்காகவே ஒவ்வொரு வீடும் ஒவ்வொரு உணவிலும் ஒரு கிண்ணம் எடுத்துக் குளிர்பெட்டியில் மறுநாள் வரை மாதிரியாக வைத்திருக்க வேண்டும். சுவைக் குறைகளைச் சமைத்தவரிடம் தனியாகச் சொல்லுங்கள். பொதுவில் நட்சத்திரம் போட்டு மானத்தை வாங்காதீர்கள்.

இன்னொரு கேள்வி கட்டாயம் வரும்: “என்ன ஆளுங்க சமைக்காங்க?” இதற்குத் தளம் பதில் சொல்லக் கூடாது. சைவமா அசைவமா, பதிவு உண்டா, அடுக்களை எப்படி இருக்கிறது என்பவை வாங்குபவர் கேட்கத் தகுந்தவை. சாதி கேட்கத் தகுந்ததில்லை. 2018-ல் திருப்பூர் மாவட்டத்து அரசுப் பள்ளி ஒன்றில் தலித் பெண் சமைக்கக் கூடாது என்று ஒரு கூட்டம் தடுத்ததும் அவர்கள்மீது வழக்கு பதிவானதும் நம் நினைவில் இருக்கட்டும். அப்படிக் கேட்கிறவரின் ஆர்டரை மரியாதையாக மறுத்துப் பணத்தைத் திருப்புங்கள். பரதவர் வீடும் நாடார் வீடும் தலித் வீடும் ஒரே பக்கத்தில், அகர வரிசையில், ஒரே விலையில் இடம்பெறட்டும்.

10. முதல் மூன்று மாதம்

முதல் மாதம் விற்பனை வேண்டாம். பதிவு, தண்ணீர்ப் பரிசோதனை, மருத்துவச் சான்று, உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ‘ஃபாஸ்டாக்’ பயிற்சி, ஒத்திகைச் சமையல் இவற்றை முடியுங்கள். இரண்டாம் மாதம் செவ்வாய் மட்டும், வீட்டுக்குப் பத்துச் சாப்பாடு. மூன்றாம் மாதம் இருபது. கூடவே உள்ளூர் ஊழியர்களுக்கும் முதியவர்களுக்கும் வாரத்தில் இன்னும் இரண்டு நாள். பெருந்திருவிழா ஒன்றைச் சிக்கலில்லாமல் கடந்த பிறகே ஐந்தாவது வீட்டைச் சேர்க்க எண்ணுங்கள். வீட்டுக்குள் அழைத்து உட்காரவைத்து விருந்தாளிக்குப் பரிமாறும் ஏற்பாடு ஓராண்டு கழித்து வரட்டும். அதற்கு இன்னும் கூடுதல் நம்பிக்கை வேண்டும்.

மூன்று மாத முடிவில் ஒரு கணக்குப் பாருங்கள்: நான்கு பெண்களின் சொந்தக் கணக்கில் விற்பனை நடந்த ஒவ்வொரு வாரமும் பணம் ஏறியதா? வந்தவர்களில் சிலராவது இரண்டாம் முறை முன்பதிவு செய்தார்களா? யாருக்கும் உடம்புக்கு முடியாமல் போகாமல் இருந்ததா? மூன்றுக்கும் ஆம் என்றால் தளம் நிலைத்துவிட்டது, பெரிதாக்கலாம். ஒன்றுக்கு இல்லை என்றாலும் விரிவாக்காதீர்கள், அதை முதலில் சரிசெய்யுங்கள். அடுத்த செவ்வாய்க்கு இன்னும் நாள் இருக்கிறது. இன்றே உங்கள் ஊர் மகளிர் குழுவின் தலைவியைப் பார்த்துப் பேசுங்கள். நாட்காட்டியை விரித்து முதல் நிறத்தைத் தீட்டுங்கள்.